வீதிக்கும் விழிகள் உண்டு

மனிதன் வீட்டிற்குள் மட்டும் வாழ்வதில்லை. வாசலுக்கு அப்பாலும் வாழ்கிறான். இவ்வெளிய உண்மையை நகரமைப்பு வல்லுநர்கள் மறந்திருந்த வேளையில் நினைவூட்டிய நூல், 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும்'. நூலாசிரியை கட்டடக்கலைப் பட்டம் பெற்றவரல்லர், பத்திரிகையாளர், மூன்று பிள்ளைகளின் தாய். நியூயார்க்கில் தாம் குடியிருந்த ஹட்சன் தெருவையே அவர் தம் பாடநூலாகக் கொண்டார்.

அத்தெருவில் ஒருநாள், எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஓர் ஆடவனோடு செல்ல மறுத்து நிற்கிறாள். உடனே இறைச்சிக் கடைக்காரரின் மனைவி வெளியே வருகிறார். பூட்டுத் தொழிலாளியும் பழக்கடைக்காரரும் வருகின்றனர். மேல்மாடிச் சன்னல்கள் திறக்கின்றன. அவன் அவளுடைய தந்தையே என்பது பின்னரே தெரியவருகிறது. தெருவே அங்கே காவல் காத்தது. வேலியிட்ட விளையாட்டுத் திடலைவிட, பெரியோர் பார்வையிலுள்ள 30 முதல் 35 அடி அகல நடைபாதையே பிள்ளைகளுக்கு நல்லது என்கிறார் ஆசிரியை. கடையும் பட்டறையும் வீடும் கலந்திருந்தால், தாயரோடு தந்தையரும் பிள்ளைகளின் கண்முன் இருப்பர் என்னும் அவர் கருத்து, குடும்பநலம் நாடுவோர் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் நூலில் இரு குறைகளைக் காண்கிறோம். பூங்காக்களை நகரின் நுரையீரல் என்போரை அவர் எள்ளி நகையாடுகிறார். ஆள் நடமாட்டமற்ற பூங்கா அச்சத்துக்குரியது என்பது மெய்யே. ஆனால் மரத்தின் பயன் மூச்சுக்காற்றோடு முடிவதில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டோருள் சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இரண்டாவது குறை பெரிது. நல்ல தெருவின் இலக்கணத்தை வகுத்தவர், ஏழை அங்கே நிலைத்திருக்கும் வழியைப் போதிய அளவு காட்டவில்லை. வெற்றிபெற்ற தெரு தன் பன்மையைத் தானே அழித்துக்கொள்ளும் என அவரே எச்சரித்தார். அவ்வாறே, அவர் போற்றிய பகுதியில் உழைப்பாளிக் குடும்பங்கள் வாடகை கொடுத்து வாழ்வது இன்று அரிதாகிவிட்டது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய 'லௌதாத்தோ சி' சுற்றுமடல் இவ்விடத்தை நிறைவு செய்கிறது. கட்டமைப்பின் அழகைவிட மக்கள் வாழ்வின் தரமே மேலானது என்கிறது. வீடின்மை மானிட மாண்பையும் குடும்ப வளர்ச்சியையும் பாதிக்கும் என்கிறது. ஏழைகளை இடம்பெயர்க்க நேர்ந்தால், முன்னரே தகவல் தந்து, தக்க வீடுகளைக் காட்டி, அவர்களையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்கிறது.

நல்ல தெரு எது என்பதை ஜேக்கப்ஸிடம் கற்கலாம். அது யாருக்குரியது என்பதைச் சுற்றுமடலிடம் கற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்குமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம்.