உறை போதாதா?

ப்ரோக்ராம்களையும் சினிமா மாதிரி விமர்சனம் செய்யலாம். இந்த வாரம், கூகிளின் ஸ்ட்ரீட் வியூ கார்களில் 2010 வரை ஓடிய வைஃபை பிடிக்கும் ப்ரோக்ராம்.

வேலை சின்னதுதான். எந்தத் தெருவில் எந்த வைஃபை இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு உங்கள் போன், தான் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். வீட்டு ரவுட்டர் வினாடிக்குச் சுமார் பத்து தரம் 'நான் இங்கே இருக்கேன்' என்று பெயர் சொல்லிக் கூவுகிறது. கார் வினாடிக்கு ஐந்து முறை சேனல் மாற்றி அதைக் கேட்டது. இதுவரை சபாஷ்!

காற்றில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே விலாசம், உள்ளே கடிதம். இந்த வேலைக்கு உறை போதும். ப்ரோக்ராமோ, பூட்டிய கடிதங்களை வீசிவிட்டு, பூட்டாதவற்றை முழுசாக டிஸ்கில் எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 200 கிகாபைட். அதில் யார் யாருடைய இமெயிலோ, பாஸ்வேர்டோ!

இதற்கு வைத்தியம் பழசு. 1993-லேயே மெக்கேன், ஜேக்கப்சன் என்ற இருவர் பெர்க்லி பாக்கெட் ஃபில்டரை விளக்கிவிட்டார்கள். வேண்டாத பாக்கெட்டை ப்ரோக்ராம் வரை கொண்டுவராமல் கெர்னலுக்குள்ளேயே, அதாவது வாசலிலேயே, சலித்துத் தள்ளிவிடு. வேண்டியதிலும் முதல் சில பைட்டுகளை மட்டும் எடு. வேகமும் கிடைக்கும், மானமும் தப்பும். என் மாதிரி பி.காம். ஆசாமிக்கே புரிகிற கணக்கு இது. விற்காத சரக்கை கோடவுனில் அடுக்கினால் வாடகைதான் மிச்சம்.

2010 மே மாதம் 'தவறுதலாக நடந்தது' என்றது கம்பெனி. 2012-ல் வெளியான எஃப்.சி.சி. அறிக்கை வேறு சொன்னது. எழுதிய இன்ஜினியர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். டிசைன் குறிப்பில் 'அந்தரங்கம் பற்றி வக்கீலிடம் பேச வேண்டும்' என்று ஒரு வரிகூட இருந்தது. பேசத்தான் இல்லை! விசாரணைக்கு ஒத்துழைக்காததற்கு 25,000 டாலர் அபராதம். 2013-ல் 38 மாநிலங்களோடு 70 லட்சம் டாலருக்கு சமரசம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு இப்படி ஒன்று எழுத உட்கார்ந்தால், 'எவ்வளவு பிடிக்கும்?' என்று கேட்காதீர்கள். 'எதையெல்லாம் விட்டுடுவே?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம்.