உழாத நிலத்தின் கதை: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்துக் கரிசல் புனைகதைகளில் பொதுநிலம்

ஆய்வுச்சுருக்கம்

கரிசல் புனைகதைகள் குறித்த திறனாய்வு, பெரும்பாலும் வேளாண்குடியையும் அவர்தம் உழுநிலத்தையும் மையமாகக் கொண்டே நிகழ்ந்து வந்துள்ளது. உழப்படாத நிலம், அதாவது மேய்ச்சல்வெளி, கண்மாயின் உள்வாய், ஓடைக்கரை, கரடு ஆகியன, கதைக்குப் பின்புலம் என்ற அளவிலேயே வாசிக்கப்பட்டன. கி.ராஜநாராயணனின் ‘கிடை’, பூமணியின் ‘வெக்கை’, சோ.தர்மனின் ‘சூல்’ ஆகிய மூன்று படைப்புகளையும் பொதுநிலத்தின் வழியே மறுவாசிப்புச் செய்கிறது இக்கட்டுரை. ஆட்டுக்கும் பறவைக்கும் பொதுவாயிருந்த நிலம் மனிதர் அனைவருக்கும் பொதுவாயிருந்ததா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

திறவுச்சொற்கள்: பொதுநிலம், புறம்போக்கு, கிடை, கண்மாய், கரிசல் இலக்கியம், சாதி

சொல்லும் நிலமும்

கடையநல்லூரிலிருந்து வடகிழக்காகச் சங்கரன்கோவில் நோக்கிச் செல்பவர் சிறிது தொலைவிற்குள்ளேயே இருவேறு நிலங்களைக் கடக்கிறார். மேற்கே கருப்பாநதி இறங்கிவரும் மலையடிவாரம்; நஞ்சையும் குளங்களும் தோப்புகளும் நிறைந்தது. கிழக்கே போகப் போகச் செம்மண் வெளுத்து, சங்கரன்கோவிலைத் தாண்டியபின் கரிசல் தலைகாட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே எவர் பெயரிலும் பட்டா இல்லாத நிலங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. மக்கள் வழக்கில் அவை மந்தை, கரடு, ஓடை, களத்துமேடு, கோயில்காடு எனத் தனித்தனிப் பெயருடையவை. வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டிலோ அவை அனைத்தும் மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாட்டைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என ஒரே சொல்லின் கீழ் வந்து நிற்கின்றன.

தீர்வைக் கணக்கிற்குப் புறம்பே போன நிலம் என்பதே புறம்போக்கு. இச்சொல் வசைச்சொல்லாகத் திரிந்த வரலாறு தனித்து ஆராயத்தக்கது. வரி கொடாத நிலம் பயனற்றது, அதனோடு ஒப்பிடப்படும் மனிதனும் பயனற்றவன் என்னும் கணக்கு மனப்பான்மை அதனுள் உறைந்துள்ளது. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தை முன்னிறுத்தி டி.எம்.கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் இவ்வசையைத் திருப்பிப்போட முயன்றது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே கரிசல் எழுத்தாளர்கள் அப்பணியைச் சத்தமின்றிச் செய்திருந்தனர் என்பது என் துணிபு.

இங்கு ஆங்கில நாட்டு ஊர்ப்பொது நிலங்களோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். அங்கே பொதுநிலம் என்பது உடைமையாளர் இல்லாத நிலமன்று. நிலம் ஒருவருக்குரியது, அதில் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பிறர்க்கு உரிமை உண்டு. 1217-ஆம் ஆண்டின் வனப் பட்டயம் முதல் 2006-ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டம் வரை அவ்வுரிமை எழுத்தில் பேசப்பட்டு வந்திருக்கிறது. வேலியடைப்புச் சட்டங்கள் அவ்வுரிமையைப் பறித்தபோது, பறிக்கப்பட்டது இன்னதென்று சுட்டிக்காட்ட அம்மக்களால் இயன்றது. தம் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809-இல் வந்த வேலியடைப்புச் சட்டத்தின் விளைவுகளைக் கவிஞர் ஜான் கிளேர் கவிதையாக்கினார். மேய்ச்சல்வெளியோடு சேர்ந்து பறவைக் கூடுகளும் சிறு பூக்களும் ஒற்றையடிப் பாதைகளும் போனதை அவர் கணக்கெடுத்தார்.

தமிழகத்தில் நிகழ்ந்தது வேறு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலையைக் காப்புக்காடாக்கி, மேய்ச்சலை அனுமதிக்குரியதாக்கியது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார் உரிமை நிறுவப்படாத தரிசும் நீர்நிலையும் பாதையும் அரசின் சொத்து என அறிவித்தது. வேலி எதுவும் எழவில்லை. ஆடு வழக்கம்போலவே மேய்ந்தது. ஆனால் அது உரிமையால் மேயவில்லை. அரசு கண்டுகொள்ளாததால் மேய்ந்தது. இழப்பு கண்ணுக்குத் தெரியாத வகையில் நிகழ்ந்தமையால் அதற்கு ஒரு புலம்பல் மரபும் இங்கு உருவாகவில்லை. அதன் சுவடுகளைப் புனைகதைகளில்தான் தேட வேண்டியுள்ளது.

கிடை: ஆடுகள் கலக்கும், மேய்ப்பவர் கலவார்

கி.ரா.வின் ‘கிடை’ குறுநாவலைச் சாதி கடந்த காதலின் கதையாக வாசிப்பதே பெருவழக்கு. அம்ஷன் குமார் அதனை ‘ஒருத்தி’ என்னும் திரைப்படமாக ஆக்கியபோதும் அழுத்தம் அங்கேயே விழுந்தது. அவ்வாசிப்பு பிழையன்று. எனினும் கதையின் பெயர் ‘கிடை’ என்பதையும், கதையை நகர்த்தும் நிகழ்ச்சி ஆடுகள் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிடுவது என்பதையும் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

கிடை என்பது ஆடுகளை இரவில் அடைக்கும் இடம் மட்டுமன்று. அது ஓர் ஏற்பாடு. பலரது ஆடுகள் ஒன்றாக அடைகின்றன. அறுவடைக்குப் பின் வெறுமையான புஞ்சையில் கிடை போடப்படுகிறது. ஆட்டுக்கு அடிக்கட்டைத் தீவனம், நிலத்திற்குப் புழுக்கை எரு, கிடைக்காரருக்குக் கூலி. விதைப்பு முதல் அறுப்பு வரை ஒருவருக்கே உரிய நிலம், அறுப்பு முடிந்தபின் ஊர்மேய்ச்சலுக்குத் திறந்துவிடுகிறது. ஆகவே கரிசலில் பொதுமை என்பது இடத்தைப் பொறுத்தது மட்டுமன்று, காலத்தையும் பொறுத்தது. (இங்கிலாந்தின் லாமாஸ் நிலங்களும் ஆகஸ்ட் முதல் நாளையொட்டி, அறுவடைக்குப் பின் இவ்வாறே மேய்ச்சலுக்குத் திறக்கப்பட்டவை.) பயிர் நிற்கும்போது ஆடு புகுந்தால் இக்கால ஒழுங்கு குலைகிறது. ஊர் கூடி விசாரிப்பது அதனாலேயே.

விசாரணை துப்புத் துலக்கிச் செல்லும் முறையில் கி.ரா. காட்டும் நுட்பம், அந்நிலத்தை அடி அடியாக அறிந்தவரின் நுட்பம். முடிவில் வெளிப்படுவது எல்லப்பனும் செவனியும் தனித்திருந்தமை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த, ஆடு மேய்க்கும் பெண் செவனி. எல்லப்பனுக்கு அவன் சாதியில் திருமணம் நடக்கிறது, செவனிக்குப் பேயோட்டுகிறார்கள். மேய்ச்சல்வெளி இவ்விருவரும் சந்திக்க இடம் தந்தது. தெருவும் கிணற்றடியும் தந்திருக்க முடியாத இடம் அது. ஆயினும் அவ்வெளியில் நிகழ்ந்ததற்கான தண்டனையை ஊர் தன் எல்லைக்குள் கொண்டுவந்து, ஒருவர் மீது மட்டுமே இறக்குகிறது. பல வீட்டு ஆடுகள் ஒரு கிடையில் கலந்து கிடக்கின்றன. அவற்றை மேய்ப்பவர்களின் கலப்பு மட்டும் குற்றமாகிறது. இம்முரணைக் கி.ரா. எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. கிடையின் இயல்பை அத்தனை விரிவாக எழுதியதே அவருடைய விமரிசனம் எனக் கொள்ள இடமுண்டு.

வெக்கை: அடைக்கலம்

பூமணியின் ‘வெக்கை’ (1982) ஒரு துண்டு நிலத்தில் தொடங்குகிறது. சிறுவன் சிதம்பரத்தின் குடும்ப நிலத்தைக் கைப்பற்ற எண்ணும் வடக்கூரான் அவன் அண்ணனைக் கொல்விக்கிறான். சிதம்பரம் வடக்கூரானைக் கொல்கிறான். அதன்பின் தந்தையும் மகனும் ஊருக்கு வெளியே மறைந்து திரியும் நாட்களே நாவல்.

பட்டா நிலம் அவர்களைத் துரத்துகிறது. பட்டா இல்லாத நிலம் மறைக்கிறது. பாறை இடுக்கும் ஓடையும் புதரும் அவர்களுக்கு உண்ணவும் உறங்கவும் இடம் தருகின்றன. இப்பகுதிகளைத் திறனாய்வாளர் சிலர் இயற்கை வருணனை எனப் பாராட்டிக் கடந்துவிடுவதுண்டு. வருணனை அங்கே குறைவு. இருப்பது பயன்பாட்டு அறிவு. எங்கே நீர் ஊறும், எந்த மேட்டிலிருந்து பாதை தெரியும், எதைத் தின்னலாம் என்பனவற்றைத் தந்தை மகனுக்குக் கைமாற்றுகிறார். பூமணியின் நடையில் உயிரினங்கள் அழகுப் பொருள்களாக நில்லாமல், தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்டைவீட்டாராகவே வருகின்றன. ‘அசுரன்’ (2019) திரைப்படம் பழிவாங்கலை முன்னிறுத்தியபோது நாவலின் இந்நிதானம் பெரிதும் கரைந்துபோயிற்று என்பது என் மதிப்பீடு.

நிலத்தாலும் சாதியாலும் ஒடுக்கப்பட்டோர்க்கு ஊருக்குப் புறத்தே ஒரு வெளி தேவையாயிருந்தது. அது காட்சிக்குரிய வெளியன்று. ‘பிறகு’ (1979) நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வை எழுதிய அதே எழுத்தாளர் இதனையும் எழுதினார் என்பது தற்செயலன்று.

சூல்: கண்மாயும் கட்டாயமும்

சோ.தர்மனின் ‘சூல்’ (2016) பொதுநிலத்தையே கதைத்தலைவனாக்கிய நாவல். எட்டயபுரம் சமஸ்தானக் காலத்தில் தொடங்கி உருளைக்குடிக் கண்மாயின் வாழ்வையும் வீழ்ச்சியையும் சொல்கிறது. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரம்பை அள்ளுதல், மடை காத்தல், கரை மரங்கள், மீன், பறவை, நீர்ப்பாய்ச்சியின் கடமை என ஒரு நீர்நிலையின் முழு நடைமுறையும் இந்நாவலில் ஆவணமாகியுள்ளது. இவ்வகையில் இதற்கு இணையான தமிழ் நாவலைச் சுட்டுவது கடினம்.

ஆயினும் இந்நாவலின் வரலாற்றுப் பார்வை முழுவதையும் ஏற்பதற்கில்லை. சமஸ்தானக் காலத்தில் கண்மாய் செழித்தது, விடுதலைக்குப் பின்னைய அரசியல் அதை அழித்தது என்னும் கோட்டில் நாவல் செல்கிறது. பின்பாதியில் உண்மை மிகுதி, முன்பாதியே வினாவிற்குரியது. ஊர் கூடிக் கண்மாய் பேணும் குடிமராமத்து எப்போதும் மனமுவந்த பணியாக இருந்ததன்று. 1858-இல் சென்னை மாகாணம் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்ற நேர்ந்தது. மேலும், மடை திறந்து நீர் பகிர்ந்த நீர்ப்பாய்ச்சிகள் தென்மாவட்டங்களில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரைப் பற்றிய அறிவு ஒருவரிடமும் நீர் பாயும் நிலம் வேறொருவரிடமும் இருந்தன. ‘கூகை’ (2005) நாவலில் பகலில் பிற பறவைகளால் கொத்தித் துரத்தப்படும் இரவுப் பறவையைத் தலித் வாழ்வின் படிமமாக்கிய தர்மன், ‘சூல்’ நாவலில் அக்கூர்மையைக் கண்மாயின் மீதுள்ள வாஞ்சைக்காகச் சற்றே தளர்த்திக்கொண்டார் எனத் தோன்றுகிறது.

இது வெறும் இலக்கியப் பிணக்கன்று. 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் அரசுத் தரிசிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவர்களைப் பொறுத்தவரை பொதுநிலம் பட்டாவாக மாறுதல் இழப்பன்று, நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைத்த பிடிமண். ஊர்ப்பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளரை அகற்றுமாறு ஜக்பால் சிங் வழக்கில் 28.01.2011 அன்று பணித்த உச்சநீதிமன்றமும், நிலமற்ற தொழிலாளர்க்கும் பட்டியல் சாதியினர்க்கும் அரசு வழங்கிய குத்தகை போன்றவற்றை விதிவிலக்காகக் குறித்தது. பொதுநிலத்தைக் காக்க வேண்டும் என்பாரும் நிலமற்றோர்க்கு நிலம் வேண்டும் என்பாரும் ஒரே நிலத்தில் நின்றுதான் வாதிடுகின்றனர். நம் திறனாய்வு இவ்விருவருள் ஒருவரை மட்டுமே கேட்டுவந்துள்ளது.

கதையில் வராத உயிர்கள்

தரிசு என ஒதுக்கப்பட்ட வெளியே தரையில் முட்டையிடும் கவுதாரிக்கும் காடைக்கும் வீடு. வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடமாகச் சொல்லப்படும் வல்லநாட்டுக் குன்று, 1987-இல் சரணாலயமாயிற்று. மரம் அடர்ந்தால் அம்மானுக்கு வாழ்வில்லை. அதற்கு வேண்டியது புல்லும் திறந்த வெளியும். சீமைக்கருவேலம் பரவியபின் இவ்வெளிகள் பல மூடிவிட்டன. அதே மரம் விறகும் கரிமூட்டமுமாக நிலமற்றோர் பலர்க்குப் பிழைப்பும் ஆயிற்று. கடையநல்லூருக்கு மேற்கேயுள்ள காடுகள் 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. அடிவாரத் தோப்புகளுக்குள் யானையும் காட்டுப்பன்றியும் இறங்குவதும், மலைமேய்ச்சல் மறுக்கப்பட்டவர் அடிவாரத்தில் திகைத்து நிற்பதும் இன்றைய செய்தி. இம்மோதலை மையமாகக் கொண்ட நாவல் இவ்வட்டாரத்திலிருந்து இன்னும் எழுந்ததாகத் தெரியவில்லை. கரிசலுக்கு வாய்த்த எழுத்து மலையடிவாரத்திற்கு வாய்க்கவில்லை.

ஆனால் வாய்மொழி மரபில் இரு குறிப்புகள் உள்ளன. ஆயர் பால் கறக்கும் மூங்கிற்கலமாகிய கடைகால் லிங்கமாயிற்று, அதனால் ஊர் கடையநல்லூராயிற்று என்கிறது ஊர்ப்பெயர்க் கதை. சொற்பிறப்பியலாளர் இதனை ஏற்பாரா என்பது வேறு. மேய்ச்சற்குடி தன் கருவியை ஊரின் பெயரில் பொறித்துக்கொள்ள விழைந்தது என்பதே இலக்கிய மாணவர்க்கு முக்கியம். சங்கரன்கோவிலிலோ புற்றுமண்ணே பிரசாதம். பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாக இடும் வழக்கமும் அங்குண்டு. தலபுராண மரபின்படி, புன்னைவனத்தில் புற்றை வெட்டியபோது பாம்பின் வாலறுந்து இறைவன் வெளிப்பட்டதை முதலில் கண்டவன் அவ்வனத்தின் காவற்பறையன். உக்கிரபாண்டியன் பின்னரே வருகிறான். ஆடித்தபசைப் பற்றிய கட்டுரைகள் பாண்டியனையும் சைவ வைணவ ஒருமையையும் விரித்துப் பேசிவிட்டு, வனத்தைக் காத்தவனை ஒரு தொடரில் கடந்துவிடுகின்றன. வனம் யாருடையது, அதைக் காத்தவன் எவர் பணியில் நின்றான், கோயில் எழுந்தபின் அவன் எங்கே நின்று வணங்கினான் என்னும் வினாக்களை ‘கிடை’யையும் ‘வெக்கை’யையும் படித்த கண்ணோடு அத்தலபுராணத்திடம் கேட்க வேண்டியுள்ளது.