போர் ஊர்திப் பெயர்கள்: சொற்பொருளும் ஏற்றிய பொருளும்

இந்தியப் படைத்துறை ஊர்திகளின் பெயர்களை ஆராய்வோர், சொல் தரும் பொருளையும் அதன்மீது ஏற்றப்பட்ட பொருளையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். அவ்வேறுபாடு பேணப்படாமைக்கு, ஹைதராபாத்தை அடுத்த எத்துமைலாரத்தில் 1984இல் நிறுவப்பெற்ற மேதக் படைக்கலத் தொழிற்சாலையின் 'சரத்' தக்க சான்றாகும்.

சோவியத்து நாட்டின் பி.எம்.பி.-2 ஊர்தியே இங்கு உரிமம் பெற்று உருவாக்கப்பட்டுச் 'சரத்' எனப் பெயர் பெற்றது. இதற்கு 'வெற்றித் தேர்' எனப் பொருள் கூறுவர். வடமொழிச் சொல்லாகக் கொண்டு 'ச', 'ரத' எனப் பிரிப்பின், முன்னது 'உடன்' எனவும் பின்னது 'தேர்' எனவும் பொருள்படும். 'சகுடும்பம்', 'சபரிவாரம்' என்பவற்றில் வரும் 'ச' இதுவே. வெற்றியைச் சுட்டும் உறுப்பு இதில் இல்லை. ஆவடியில் 1965 முதல் உருவான 'விஜயந்தா' டாங்கியின் பெயரிலோ வெற்றி சொல்லிலேயே உள்ளது. டி-72 டாங்கிக்கு இடப்பட்ட 'அஜேயா'வும் 'வெல்ல இயலாதது' என நேரே பொருள் தருகிறது. இப்பெயர்களின் பொருளே 'சரத்'துக்கும் நீட்டப்பட்டது போலும்.

இந்நீட்சியால் பெயரின் உண்மைப் பொருத்தம் மறைகிறது. பி.எம்.பி. என்னும் உருசியச் சுருக்கம் 'காலாட்படைப் போர் ஊர்தி' என விரியும். ஊர்தியை இயக்குவோர் மூவர். உடன் செல்லும் வீரர் எழுவர். பண்டை நால்வகைப் படையில் தனித்தனியே நின்ற தேரும் காலாளும் இங்கு ஒன்றுசேர்கின்றன. ஆதலின் 'தேருடன் கூடிய' என்பதே ஊர்தியின் தொழிலுக்கு இயைந்த பொருளாகும்.

இதற்கு மறுதலையாக நிற்பது 'நாமிகா'. ஹைதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி ஆய்வகம் உருவாக்கிய 'நாக்' ஏவுகணையைச் சுமக்கும் இவ்வூர்தியின் பெயர், 'நாக் மிசைல் கேரியர்' என்னும் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்தது. 'சந்திரிகா' போன்ற பெயர்களின் ஈற்றொலியை ஒத்திருப்பதால் வடசொல்லெனத் தோன்றும். வடமொழி வேர் தேடுவது பயனற்றது.

பெயரிடுவோர் கதைத்தொடர்பையும் முழுமையாகக் கருதுவதில்லை. குருக்ஷேத்திரத்தில் எதிரெதிர் நின்ற அர்ஜுனன், பீஷ்மன் இருவர் பெயரும் ஒரே படையின் டாங்கிகளுக்கு வழங்குகின்றன. வீரப்புகழ் ஒன்றே கொள்ளப்பட்டது.

பெயரிட்டோர் கருத்தை மதித்தல் வேறு. அதனையே சொற்பிறப்பாகக் கொள்ளுதல் வேறு. கலைச்சொல் அகராதிகளில் இவ்விரண்டும் தனித்தனியே குறிக்கப்படுதல் வேண்டும். இன்றேல், விளம்பர விளக்கமே நாளடைவில் சொல் வரலாறாக நிலைபெற்றுவிடும்.