மடக்கெழுத்தாணியும் மடக்குக் கத்தியும்

நூலைத் திறனாய்வது போலவே கருவியையும் திறனாயலாம். ஆக்கியோன் கருத்து நூலில் சொல்லாக நிற்கிறது. கருவியில் வடிவாக நிற்கிறது. இரண்டிலும் குணமும் உண்டு, குற்றமும் உண்டு. சட்டைப் பைக்குள் அடங்கும் இரட்டை அலகு மடக்குக் கத்தி அவ்வாறு ஆராயத் தக்க ஒரு பொருள். தமிழாசிரியர்க்கு அதில் தனி அக்கறையும் இருத்தல் வேண்டும். தமிழ் எழுதிய கருவிகளுள் ஒன்று அதற்கு நெருங்கிய உறவு ஆதலின்.

பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

இக்கத்திக்குத் தமிழில் பெயர்கள் பல. அலகு பிடிக்குள் மடங்குவதால் மடக்குக் கத்தி என்றனர். பிடியின் முதுகில் விறைத்து நிற்கும் எஃகு வில்லை நோக்கி வில்லுக் கத்தி என்றனர். இறகுப் பேனாவின் முனையைச் சீவ உதவியது கருதிப் பேனாக் கத்தி என்றனர். 19-ஆம் நூற்றாண்டில் எஃகு முள் பரவவே இறகு மறைந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒரு பெயர் மடங்குதலைச் சொல்கிறது. மற்றொன்று பொறியைச் சொல்கிறது. மூன்றாவது தொழிலைச் சொல்கிறது. அலகைத் திறப்பது எவ்வாறு என்பதை இம்மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியின் குணமும் குற்றமும் வெளிப்படுவதோ அங்கேதான்.

அலகின் அடி, பிடியிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றிச் சுழல்கிறது. முதுகிலுள்ள வில் அந்த அடியை ஓயாது அழுத்துகிறது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகை நிறுத்தி வைப்பது அவ்வழுத்தமே. பழைய முறைக் கத்தியில் வேறு பூட்டு இல்லை. வில் தளர்ந்தால் அலகு வேலையின் நடுவே மடங்கி விரலைப் பதம் பார்க்கும். வில் மிக இறுகினால் திறக்கும்போதே நகம் முறியும். ஆதலால் அலகின் பக்கத்தில் நகம் பதிவதற்கென்று பிறை போன்ற ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அப்பள்ளம் விரலுக்கு எட்டுகிறதா என்பதே முதற் கேள்வி.

அலகு ஒன்றாயின் இக்கேள்விக்கு விடை எளிது. இரண்டானதும் சிக்கல் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே முனையில் பொருத்துவது ஒரு முறை. அப்போது பெரிய அலகின் அருகே சிறியது பதுங்கிக் கிடக்கும். சிறியதன் நகப் பள்ளம் பெரியதன் மறைவில் அகப்பட்டுவிட்டால், சிறியதை வேண்டியவன் பெரியதை முதலில் திறந்தாக வேண்டும். முனைக்கு ஒன்றாகப் பொருத்துவது மற்றொரு முறை. இதில் ஒரே வில் இரண்டு அலகுக்கும் உதவும், பிடியும் மெல்லியதாகும். ஆயினும் மூடியபோது இரண்டும் ஒரே குழிக்குள் ஒன்றையொன்று கடந்து கிடக்க வேண்டும். உராயாதிருக்கும் பொருட்டு அலகுகளைச் சற்றே பக்கவாட்டில் வளைத்து வைப்பர். அவ்வளைவு தவறினால், திறந்து மூடுந்தோறும் ஒன்றன் பக்கத்தை மற்றொன்று கீறிக்கொண்டேயிருக்கும்.

கத்தி செய்வோர் இக்குறைகளை அறியாதவரல்லர். இரு பள்ளங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வெட்டுவர். பள்ளத்தை நீண்ட வரியாக நீட்டுவர். பிடியின் ஓரத்தில் ஒரு வளைவைக் கொத்தி, அலகை இரு விரலால் பற்றி இழுக்க வழி செய்வர். எனினும் முதன்மை அலகின் பள்ளம் பெரும்பாலும் வலக்கையர்க்கு வாய்ப்பான பக்கத்திலேயே அமைகிறது. இடக்கைப் பழக்கமுள்ளவன் கத்தியைத் திருப்பிப் பிடித்துத் திண்டாட நேர்கிறது.

எண்ணிக்கை பெருமையாகுமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1822-இல் ஒரு கத்தி செய்தனர். அதற்கு அலகுகள் 1822! கைத்திறனுக்கு அது நல்ல சான்று. ஆனால் அதைச் சட்டைப் பையில் வைப்பார் இலர். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவு செய்த படை அதிகாரிகளுக்கான கத்தி வேறு வகையானது. ஒரே வில்லின் இருபுறத்தையும் வேலை வாங்கி, பிடி பருக்காமலே பல கருவிகளை அவர் அதில் அடக்கினார். முன்னது எண்ணிக்கையைக் கண்டது. பின்னது கையைக் கண்டது.

இரட்டை அலகிற்கும் இந்த அளவுகோலே பொருந்தும். ஏறக்குறைய ஒரே வடிவில் இரண்டு அலகு எதற்கு? ஒன்றை முரட்டு வேலைக்கு விட்டு, மற்றொன்றைக் கூர் கெடாமல் காக்கலாம் என்பர். அது நியாயமே. ஆனால் காக்கப்படும் அலகு அவசரத்தில் கைக்கு எட்டாமற் போனால், அவன் முரட்டு அலகையே எல்லாவற்றுக்கும் எடுப்பான். எட்டாத அலகு இருந்தும் இல்லாததே.

ஓலைக்கு அமைந்த கருவி

இக்குறை பெரிதும் நீங்கிய ஒரு படைப்பு தமிழரிடையே இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுத்தாணியின் வகைகளை விளக்கியிருக்கிறார். கொண்டை கனத்த குட்டையான எழுத்தாணி குண்டெழுத்தாணி. அதனினும் நீண்டு, கொண்டைக்குப் பதிலாகக் கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் கத்தியுமாக, இரண்டும் நடுப்பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. பிடியை மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக் கொம்பாலோ செய்வர். பேனாக் கத்தியை ஐயரே உவமையாகக் காட்டுகிறார்.

இதன் சிறப்பு யாது? இரண்டு உறுப்பும் இரண்டு தொழிலுக்கு உரியவை. ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி; எழுத்துக்கு ஆணி. ஒன்று மற்றொன்றன் வேலையைச் செய்யாது. முனைக்கு ஒன்றாக அமைந்தமையால், எழுத்தாணி வேண்டியவன் கத்தியைத் திறக்க வேண்டுவதில்லை. வாராத ஓலையில் எழுத இயலாது ஆதலின் இரண்டும் ஒருவன் இடுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்ற தேவையே அவ்வடிவைப் பெற்றெடுத்தது. அலங்காரத்துக்காக வந்த இரட்டை அன்று அது.

மற்றொரு நயமும் உண்டு. ஓலையில் எழுதுவோர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை வடிவாக வெட்டி, அவ்வெட்டில் எழுத்தாணியைப் பொருத்தி எழுதினர். மடக்குக் கத்தியில் நகத்துக்காக இரும்பில் பிறை வெட்டினார்கள். ஓலைச் சுவடியில் இரும்புக்காக நகத்தில் பிறை வெட்டினார்கள்! கருவி கைக்கு இணங்குவது ஒரு நெறி. கை கருவிக்கு இணங்குவது மற்றொரு நெறி. பழந்தமிழ் எழுத்தாளன் இரண்டாவதற்கும் உடன்பட்டான் என்பது அவன் உழைப்பைக் காட்டுகிறது.

பேராக் தோட்டங்களின் சான்று

இவையெல்லாம் தமிழகத்துப் பழங்கதை என்று ஒதுக்க வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877-இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால்வெட்டுக் கத்தி மடங்குவதில்லை. அதற்குத் தொழில் ஒன்றே. ஆனால் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுவோரின் கத்தி வேறு. அதில் ஒருபுறம் கூரிய அலகு. மறுபுறம் எலும்பாலோ அது போன்ற பொருளாலோ ஆன மழுங்கிய நாக்கு. மடித்து வைக்கத் தக்கனவும் அவற்றுள் உண்டு. கூரிய அலகு பட்டையில் கோடு வெட்டும். பால் கசிந்ததும் துடைத்துவிட்டு, மழுங்கிய நாக்கால் பட்டையை மெல்லப் பெயர்ப்பர். அங்கே எஃகின் கூர் பட்டால் உள்ளேயுள்ள வளர்திசு காயப்படும், மொட்டு ஒட்டாது. வெட்டுவதற்கு ஒன்று, வெட்டாதிருப்பதற்கு ஒன்று! மடக்கெழுத்தாணியின் நெறியே இங்கும் நிற்கிறது.

இரப்பர்க் காடுகளிற் பல இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. செம்பனை ஓலை எழுத்துக்கு உதவாது. ஆயினும் அதன் ஈர்க்கைக் கத்தியால் சீவியெடுத்து விளக்குமாறு கட்டுவோர் உண்டு. பனையோலையை ஈர்க்கு நீக்கிச் செப்பம் செய்வதே வாருதல். அங்கே ஓலையை வைத்துக்கொண்டு ஈர்க்கைக் கழித்தார்கள். இங்கே ஈர்க்கை வைத்துக்கொண்டு ஓலையைக் கழிக்கிறார்கள். கத்தி செல்லும் வழி ஒன்றே. வாரெழுத்தாணி என்ற சொல்லைக் கேட்டுத் தோல்வார் கட்டிய எழுத்தாணி என்று மயங்கும் மாணவனுக்கு, வீட்டு முற்றத்தில் ஈர்க்குச் சீவும் பாட்டியின் கையே உரையாகும்.

வகுப்பறையில் எழுத்தாணியை வெறும் இரும்பு ஆணியாக வரைந்து காட்டி மேற்செல்லும் வழக்கம் திருந்துதல் நன்று. அவ்வாறு காட்டும்போது ஆணி நிற்கிறது, கத்தி மறைகிறது. கத்தி மறையவே, ஓலையைத் தேர்ந்து, வாரி, நறுக்கி, சுவடியாக்கிய உழைப்பும் மறைகிறது. ஏடு பழுதுபடுமுன் மீண்டும் மீண்டும் படியெடுத்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் அச்சேறும் காலம் வரை பிழைத்தன. ஒவ்வொரு படிக்கும் எழுத்தாணிக்கு முன்னே கத்தி வேலை செய்தது.

இதை விளக்கப் பெரிய துணைக்கருவி வேண்டுவதில்லை. இரட்டை அலகு மடக்குக் கத்தியைக் கரும்பலகையில் வரைந்து, ஓர் அலகை அழித்து, அவ்விடத்தில் ஆணியை வரைந்தாற் போதும். கத்தி வடிவம் மாணவன் அறிந்தது. எழுத்தாணி அவன் அறியாதது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே ஆசிரியப் பயிற்சியின் பாலபாடம் அல்லவா?