அணையா நெருப்பும் அற்ப உத்தியோகமும்: ஒரு நைஜீரிய நாவல் பற்றிய நோக்கு

வளர்முக நாடொன்றில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும் இரண்டு வாக்குறுதிகள் உடன் எழுகின்றன. முதலாவது முதலீடு, இரண்டாவது உத்தியோகம். முதலீட்டைப் பற்றி அமைச்சர்களும் கொம்பனி அதிபர்களும் தமக்குள்ளே பேசிக் கொள்கின்றனர். உத்தியோகத்தைப் பற்றியோ, குழாய் எவருடைய வயலையும் ஆற்றையும் கடந்து செல்லவிருக்கின்றதோ அம்மக்களிடம் பேசுகின்றனர். ஏனெனில், நிலத்தை விட்டுக் கொடுக்குமாறு ஒருவனைக் கேட்கும்போது, அந்நிலம் இதுவரை அவனுக்கு அளித்துவந்த பிழைப்புக்கு ஈடாக வேறொரு பிழைப்பைக் காட்டியே ஆகவேண்டும். அவ்வாறு காட்டப்படும் பிழைப்பு எத்தகையது, எத்தனை பேருக்குக் கிடைக்கின்றது, எவ்வளவு காலத்துக்கு நிலைக்கின்றது என்பன பொருளியலார் மட்டும் ஆராயும் வினாக்கள் அல்ல. இலக்கியமும் இவற்றை ஆராய்ந்திருக்கின்றது. நைஜீரிய நாவலாசிரியர் ஹெலோன் ஹபிலா ஆங்கிலத்தில் எழுதி 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒயில் ஒன் வோட்டர்' என்னும் நாவல் அதற்குத் தக்க சான்றாகும். 'நீர்மேல் எண்ணெய்' என்று அத்தலைப்பைத் தமிழிற் கூறலாம்.

ஹபிலா 1967இல் நைஜீரியாவின் வடபகுதியிற் பிறந்தவர்; 2001இல் கேய்ன் பரிசு பெற்றவர். இந்நாவலின் களமோ நாட்டின் தென்கோடியிலுள்ள நைஜர் ஆற்றுக் கழிமுகம். எண்ணெய்க் கொம்பனியிற் பணிபுரியும் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஒருவரின் மனைவி கடத்திச் செல்லப்படுகின்றாள். அவள் உயிரோடிருக்கின்றாளா என்று அறிந்துவரப் பத்திரிகையாளர் சிலர் படகேறிப் புறப்படுகின்றனர். அவர்களுள் இளைஞனான றூபஸ் கதையைச் சொல்கின்றான். ஒரு காலத்திற் பெரும்புகழ் பெற்றிருந்து, இப்போது குடியாலும் நோயாலும் தளர்ந்துபோன ஸாக் என்பவர் அவனுக்கு வழிகாட்டியாக அமைகின்றார். மேலெழுந்தவாரியாக நோக்கின் இது துப்பறியும் கதைபோலத் தோன்றும். ஆனால், படகு ஒவ்வொரு கிளையாற்றிலும் நுழையும்போதும் கடத்தப்பட்டவள் பின்னே நகர்ந்து விடுகின்றாள். கைவிடப்பட்ட கிராமங்களும், எண்ணெய் படர்ந்த நீரும், செத்து மிதக்கும் மீன்களும், வானத்தைச் சிவக்க வைக்கும் தீச்சுவாலைகளும் முன்னே வந்து நிற்கின்றன.

அச்சுவாலைகள் எங்கிருந்து வந்தன என்பதை அறியாமல் நாவலை விளங்கிக்கொள்ளல் இயலாது. கழிமுகத்திலுள்ள ஒலோயிபிரியில் 1956இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. நிலத்தடியிலிருந்து எண்ணெயை எடுக்கும்போது அதனோடு கலந்திருக்கும் எரிவாயுவும் வெளிவருகின்றது. அதனைச் சேகரித்துக் குழாய்வழி அனுப்பச் செலவாகும்; மீண்டும் நிலத்தடியிற் செலுத்தவும் செலவாகும்; கொளுத்தி விடுவதே மலிவானது. ஆகவே கிராமங்களின் அருகே குழாய்களின் வாயில் இரவும் பகலும் நெருப்பு எரிந்தது. இதனைத் தடுக்க 1979இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1984 தொடக்கம் அமைச்சரின் அனுமதியின்றி எரித்தல் ஆகாது என்பது விதி. அனுமதியும் அற்பத் தண்டப்பணமும் சேர்ந்து அவ்விதியை விழுங்கிவிட்டன. 2005 நவம்பரில், இவெரேகன் என்னும் கிராமத்தவர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், பெனின் நகரின் சமஷ்டி உயர் நீதிமன்றம், எரிவாயுவை இவ்வாறு எரித்தல் மக்களின் உயிர்வாழும் உரிமையையும் மனித கௌரவத்தையும் மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னரும் கழிமுகத்திலே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நாவல் எழுந்த சூழ்நிலை இதுவே.

நாவலின் உயிர்நிலை என நாம் கருதும் பகுதி, இராணுவ முகாமொன்றிலே மருத்துவர் ஒருவர் கூறும் சிறு கிளைக்கதையாகும். முன்னர் அவர் ஒரு கிராமத்திற் பணிபுரிந்தார். அங்கே சொல்லத்தக்க நோய் எதுவுமில்லை. உங்களுக்கு உண்மையில் என்ன குறை என்று அவர் கேட்டபோது, தூரத்தே அயற்கிராமத்தில் எரியும் நெருப்பைக் காட்டி, அதுவே தமக்கும் வேண்டுமென்றனர் அக்கிராமத்தார். சிறிது காலத்தில் அங்கும் எண்ணெய் கிடைத்தது, நெருப்பும் வந்தது. மக்கள் கொண்டாடினர். அவ்வெளிச்சத்திலே இரவுச் சந்தை கூடிற்று. விவிலியம் கூறும் பெந்தெகொஸ்தே நாளின் நெருப்பென்று அதற்குப் பெயரும் இட்டனர். பின்னர் கால்நடைகள் மாண்டன, பயிர் வாடிற்று. மருத்துவர் குடிநீரைச் சோதித்தார். நஞ்சின் அளவு ஏறிக்கொண்டே சென்றது. கணக்கை எடுத்துக்கொண்டு கொம்பனியிடம் சென்றார். கொம்பனி அவரை மிரட்டவில்லை, மறுக்கவுமில்லை. அவருக்கு ஓர் உத்தியோகம் தர முன்வந்தது.

நாவல் முழுவதிலும் இதனினும் கூர்மையான நிகழ்ச்சி இல்லை எனலாம். இங்கே உத்தியோகம் என்பது ஒரு தொழிலைச் செய்வதற்கான கூலியன்று. ஓர் உண்மையைச் சொல்லாதிருப்பதற்கான விலை. மருத்துவர் அதனை உதறித் தள்ளுகின்றார். அரசாங்கத்திடம் போகின்றார், அரசாங்கம் நன்றி கூறிக் கடதாசிகளைப் பெட்டகத்தில் இடுகின்றது. மக்கள் சாகத் தொடங்கியதும் பிறநாட்டு நிறுவனங்களுக்கு எழுதுகின்றார், அவை பிரசுரிக்கின்றன. நெருப்போ அணையவில்லை. கொடியவன் ஒருவனை முன்னிறுத்தி அவன்மேற் பழியைச் சுமத்தும் எளிய வழியை ஹபிலா மேற்கொள்ளவில்லை. எல்லோரும் பண்பாகவே பேசுகின்றனர். ஊர் மட்டும் அழிகின்றது. சுரண்டல் ஓர் ஒழுங்குமுறையாக இயங்குவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய பக்கங்கள் அண்மைக்கால நாவல்களில் அரியன.

இந்தக் கண்ணோடு நாவலை மீண்டும் வாசித்தால், உள்ளூர் மக்களுக்குக் கிடைத்த உத்தியோகங்கள் எவை என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும். பொறியியலாளரின் வீட்டிலே சாரதி ஒருவன் இருக்கின்றான். வேலைக்காரப் பெண் ஒருத்தி இருக்கின்றாள். அவள் சாரதிக்கு மணம்பேசப்பட்டவள். எசமானனின் கருவைச் சுமக்கின்றாள். கடத்தலின் வேர் அங்கேயே உள்ளது. றூபஸின் தந்தை கொம்பனியிலே வேலை செய்தவர். ஒருநாள் அவரும் ஊரின் பாதிப்பேரும் ஒருங்கே வேலை இழக்கின்றனர். குடும்பங்கள் தெருத்தெருவாக ஊரை விட்டு வெளியேறுகின்றன. தந்தை திருட்டுப் பெற்றோல் வியாபாரத்தில் இறங்குகின்றார். பெற்றோற் பீப்பாய்கள் வெடித்து எரிந்ததில் ஊரின் ஒரு பகுதியும், மகள் போமாவின் முகமும் கருகிப் போகின்றன. ஆக, வீட்டுவேலை, சாரதி வேலை, ஒருநாட் பறிபோகும் கூலிவேலை, அதன்பின் களவு. ஆயுதக் குழுவும் அதை வேட்டையாடும் படையும் எஞ்சிய இளைஞரைச் சேர்த்துக்கொள்கின்றன. 'எரிவாயு வந்தால் வேலை வரும்' என்ற வாக்குறுதியின் முழு அட்டவணையும் இதுதான். ஆசிரியர் எங்கும் அதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. பாத்திரங்களின் வாழ்க்கையே சொல்லிவிடுகின்றது.

இது கற்பனை தானே, மிகைப்படுத்தல் தானே என்று ஒருவர் வினவலாம். நடைமுறையைப் பார்ப்போம். நைஜீரியா தன் எரிவாயுவைக் கொளுத்துவது மட்டுமன்றி விற்கவும் செய்கின்றது. 1989இல் இதற்கெனக் கொம்பனி ஒன்று அமைக்கப்பட்டது. அதில் அரச எண்ணெய் நிறுவனத்துக்கு 49 சதவீதம். எஞ்சிய 51 சதவீதம் ஷெல், டோட்டல், எனி ஆகிய மூன்று அந்நியக் கொம்பனிகளுக்கு. பொனித் தீவிலுள்ள ஆலையில் எரிவாயு பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியஸுக்குக் குளிரூட்டப்பட்டு, அறுநூறில் ஒரு பங்கு அளவான திரவமாகச் சுருங்கிக் கப்பலேறுகின்றது. முதற் கப்பல் 1999இற் புறப்பட்டது. ஆறு அலகுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 மில்லியன் தொன் உற்பத்தி செய்யும் ஆற்றல் பெற்றன. அதனை 30 மில்லியனாக உயர்த்தும் ஏழாவது அலகுக்கான முதலீட்டுத் தீர்மானம் 2019 டிசெம்பரில் எடுக்கப்பட்டது. அத்தீர்மானத்தோடு, நிர்மாண காலத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நேரடி வேலை கிடைக்கும் என்ற அறிவித்தலும் வந்தது.

நிர்மாண காலம் என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். கொத்தனும் கம்பி கட்டுபவனும் ஒட்டுவேலைக்காரனும் சில ஆண்டுகளுக்கே தேவைப்படுவர். ஆலை முடிந்ததும் அதனை இயக்கப் பயிற்சி பெற்ற சிறு தொகையினரே போதும். வாயு தன் அழுத்தத்தாலும் இயந்திரத்தின் விசையாலும் குழாயினூடே தானே ஓடுகின்றது. அதைச் சுமக்க ஆள் வேண்டியதில்லை. கோடிகோடியான டொலர் முதலீட்டுக்கு இவ்வளவு குறைந்த கைகள் வேண்டப்படும் தொழில்கள் சிலவே.

நமது மலையகத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரமாயிரம் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளை முதலாளித்துவம் கடல் கடந்து கொண்டுவந்து வருத்திப் பிழிந்தது. ஆனால் கைகள் இன்றிக் கொழுந்து இல்லை என்பதாலேயே, 1940இல் முல்லோயாவில் நடந்ததுபோலத் தொழிலாளர் தம் கைகளை மடக்கி நிற்கவும் முடிந்தது. எரிவாயு முதலுக்கோ ஊரவனின் உழைப்புப் பெரும்பாலும் தேவையில்லை. அவன் அவ்விடத்தை விட்டு விலகுவதே தேவை. நாவலில் வரும் மலாபோ என்னும் கிராமத் தலைவர் நிலத்தை விற்க மறுக்கின்றார், சிறையில் மாள்கின்றார், அவர் கையொப்பம் இட்டதாக ஒரு பத்திரம் பின்னர் காட்டப்படுகின்றது. ஊர்மக்கள் படகுகளில் ஏறி நாடோடிகளாகின்றனர். மேற்கூறிய பொருளாதாரத்தின் இயல்பான முடிவே இது.

இத்துணைச் சிறப்புடைய நாவலிலே ஓர் அடிப்படைக் குறையும் உண்டு. எண்ணெய் உலகத்தைப் பற்றிய இந்நாவலில் எண்ணெய்த் தொழிலாளி இல்லை. வேலை இழந்தவன் இருக்கின்றான். வேலையில் இருப்பவன், சக தொழிலாளியோடு சேர்ந்து சிந்திப்பவன் இல்லை. நாவலாசிரியனிடம் தொழிற்சங்க வரலாற்றைக் கேட்பது முறையோ எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். இல்லாத ஒன்றை இட்டு நிரப்புமாறு நாம் கேட்கவில்லை. இருந்த ஒன்று ஏன் விடுபட்டது என்றே கேட்கின்றோம். 1994 ஜூலையில் நைஜீரிய எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முந்திய ஆண்டின் தேர்தல் முடிவை இராணுவம் இரத்துச் செய்ததை எதிர்த்தே அது நிகழ்ந்தது. சிறு தொகையினரான அவர்கள் நாட்டையே ஸ்தம்பிக்கச் செய்தனர். சர்வாதிகாரி அபாச்சா சங்கத் தலைமைகளைக் கலைத்தார். சங்கச் செயலாளர் பிராங்க் கொகோரி 1998 வரை சிறையிலிருந்தார். அதே காலப்பகுதியில், எழுத்தாளர் கென் சரோ-விவா ஒகோனி மக்களை இயக்கமாகத் திரட்டினார். 1995 நவம்பர் 10ஆம் நாள் வேறு எண்மரோடு தூக்கிலிடப்பட்டார். இவை கழிமுகத்தின் வரலாற்றில் ஓரத்து நிகழ்ச்சிகள் அல்ல.

ஹபிலாவின் பத்திரிகையாளன் சாட்சியாக நிற்பதோடு அமைகின்றான். ஸாக் இறக்கின்றார், காயமுற்ற போமா, கோயிலும் சிலைகளும் நிறைந்த ஒரு தீவிலே அமைதி தேடுகின்றாள். அத்தீவின் வருணனை அழகானது, ஐயமில்லை. ஆயினும் நோயை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த ஆசிரியர், மருந்து என்று வரும்போது கடல்நீராட்டையும் தியானத்தையும் காட்டி விலகிக்கொள்கின்றார். யதார்த்தவாதம் உள்ளதை மட்டுமன்றி உள்ளதனுள்ளே முளைப்பதையும் காணுதல் வேண்டும். அந்த முளையைக் காணாத இடத்தில் இந்நாவல் யதார்த்தவாதத்தினின்றும் இறங்கி, இயற்பண்புவாதத்தின் எல்லையிலே நின்றுவிடுகின்றது.

எரிவாயுவே வேண்டாம் என்பது நமது வாதமன்று. இரவெல்லாம் நெருப்பு எரிந்த நாட்டில் கோடிக்கணக்கானோர் வீட்டில் மின்விளக்கு இல்லை. அவ்வாயு அவர்கள் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வந்திருப்பின் உண்டாகக்கூடிய வேலை பொனி ஆலையின் வேலையினும் பன்மடங்காகும். நைஜீரிய மக்கள் இதனை உணராதவர்களுமல்லர். உள்நாட்டவரையும் உள்நாட்டுப் பொருளையும் பயன்படுத்த வேண்டும் என்ற சட்டம் 2010இல் வந்தது. கொம்பனிகள் தமது ஆண்டு இயக்கச் செலவின் 3 சதவீதத்தை அயற்சமூகங்களின் நிதிக்கு அளிக்க வேண்டும் என்ற சட்டம் 2021இல் வந்தது. நீண்டகாலப் போராட்டம் இன்றி இவையும் வந்திரா. ஆனால் அப்பின்னைய சட்டத்திலேயே, குழாய்கள் சேதமாக்கப்பட்டால் திருத்தச் செலவு அச்சமூகத்தின் பங்கிலிருந்தே கழிக்கப்படும் என்ற வாசகமும் இருக்கின்றது. கொடுக்கும் கையிலேயே தண்டிக்கும் பிரம்பும் உள்ளது.

மன்னார்க் கடற்படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுத்து விற்கும் நாள் இன்னும் வரவில்லை. வாக்குறுதிகள் மட்டும் அவ்வப்போது வருகின்றன. அந்நாள் வருமாயின், அக்கடலிலே வலைவீசுவோரின் பிள்ளைகள் நம்முடைய வகுப்பறைகளிலிருந்து எழுந்து சில கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருத்தல் வேண்டும்: நிர்மாணம் முடிந்தபின் எத்தனை பேருக்கு வேலை? அவ்வேலைக்குரிய பயிற்சி எங்கே, எப்போது, யாருக்கு? வாயு எந்த அடுப்புக்கும் எந்த ஆலைக்கும் போகும்? நீரைச் சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? ஹபிலாவின் நாவலை உயர்வகுப்பு மாணவரோடு இருந்து வாசிக்கும் ஆசிரியர், அம்மருத்துவரின் கதையில் நிறுத்தி, இக்கடைசிக் கேள்வியிலிருந்தே விவாதத்தைத் தொடங்கலாம்.