லெவல் யார் கணக்கில் ஏறுகிறது? – ஆல்பியன் ஆன்லைன் பற்றிச் சில குறிப்புகள்

ஆல்பியன் ஆன்லைனில் சீக்கிரம் லெவல் ஏற்றுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கூட்டம் சேர்த்துக்கொண்டு பிளாக் ஸோனுக்குப் போ, செத்தால் மனசு வலிக்காத விலையில் உடுப்பு போட்டுக்கோ, எதிரில் வருவதை அடித்துக்கொண்டே இரு. சண்டை போடுகிறவருக்கு இது சரியான பதில். ஆபத்து கூடின இடத்தில் ஃபேம் கூடுதலாகக் கிடைக்கும்படிதான் விளையாட்டையே அமைத்திருக்கிறார்கள். ஆனால் வாள் வீசுகிறவரை விட்டுவிட்டு, அந்த வாளைச் செய்கிறவரின் லெவல் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால்தான் இந்த விளையாட்டின் நல்லதும் கெட்டதும் பிடிபடுகிறது. நான் விஸ்வநத்தத்துக்காரன். சிவகாசியை ஒட்டின ஊர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதை யார் செய்தார், எண்ணிக்கைக்கு எவ்வளவு கூலி என்று கேட்கிற புத்தி ஊரோடு வந்தது. அந்தப் புத்தியோடுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஆல்பியனை பெர்லினில் உள்ள சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2017 ஜூலையில் வெளியிட்டது. 2019-ல் இலவசமாக்கினார்கள். 2021-ல் போனுக்கு வந்தது. 2023-ல் ஆசியாவுக்கென்று தனி சர்வர் போட்டார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போதும் என்று ஆன பிறகுதான் எங்கள் பக்கத்துப் பையன்கள் கையில் இதைப் பார்க்க ஆரம்பித்தேன். சாண்ட்பாக்ஸ் வகை என்றால், முன்னாடியே எழுதி வைத்த கதை எதுவும் கிடையாது. ஒரு பெரிய உலகம், அதில் ஆயிரக்கணக்கான ஆட்கள், யார் என்ன வேலை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மரம் வெட்டலாம், தோல் பதனிடலாம், வழிப்பறி செய்யலாம். செய்கிற வேலையில்தான் திறன் ஏறும்.

"செய்கிற வேலையில் திறன் ஏறும்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பழைய வியாதி உண்டு. 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன்தான் இந்த வகைக்குப் பெரியப்பா. அதில் ஒவ்வொரு திறனும் 100 வரை போகும், எல்லாத் திறனும் சேர்ந்து 700-ஐத் தாண்டக்கூடாது. அடித்தால் அடி தேறும், தைத்தால் தையல் தேறும். என்ன ஆச்சு? கொல்லன் ஆக வேண்டியவர்கள் யாருக்கும் தேவைப்படாத குறுவாள்களை நூற்றுக்கணக்கில் செய்து தள்ளினார்கள். தையல்காரர்கள் சட்டை மேல் சட்டையாகத் தைத்தார்கள். கம்ப்யூட்டர் நடத்துகிற கடைக்காரர்களிடம் கிடைத்த விலைக்குக் கொட்டினார்கள், இல்லையென்றால் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அதையும் கையால் செய்யாமல், ராத்திரி மேக்ரோ ஓட விட்டுத் தூங்கப் போனார்கள். காலையில் பார்த்தால் திறன் ஏறியிருக்கும்.

ரன்ஸ்கேப்பில் (2001) இது இன்னும் வெளிப்படை. அதில் 'ஃபயர்மேக்கிங்' என்று ஒரு திறன். விறகை வெட்டி, தரையில் வைத்து, பற்ற வைப்பது. அவ்வளவுதான். தீப்பெட்டி ஊர்க்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். 99-ஆம் லெவலுக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92-ஆம் லெவலில் நிற்கிறவர் கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று நினைப்பார். கணக்குப் போட்டால் அப்போதுதான் பாதி வழி. அந்த மிச்சப் பாதிக்கும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈவ் ஆன்லைன் (2003) வேறு முனைக்குப் போனது. அதில் நீங்கள் செய்வதற்கும் திறனுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு திறனை வரிசையில் போட்டால் நிஜ நேரத்தில் அதுபாட்டுக்கு ஏறும், போனை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் ஏறும். குப்பைப் பொருள் உருவாகாது, மேக்ரோ தேவையில்லை. ஆனால் நேற்று சேர்ந்தவர் பத்து வருஷம் ஆடினவரை எட்டவே முடியாது. அதற்கு 2016-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் தன் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து, ஊசி மருந்து மாதிரி அடைத்து, சந்தையில் விற்கலாம். ஒரு ஊசியில் 5 லட்சம் புள்ளி. புதியவர் போட்டுக்கொண்டால் அப்படியே சேரும். 8 கோடிக்கு மேல் வைத்திருப்பவர் போட்டுக்கொண்டால் 1.5 லட்சம்தான் சேரும். இந்தக் கழிவு விகிதம் புத்திசாலித்தனமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் திறமையைத் தராசில் போட்டுவிட்டார்கள்.

ஆல்பியனைப் புகழ வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. செய்த பொருள் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இவர்கள் உண்மையாகவே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இந்த உலகத்தில் மாட்டிக்கொள்கிற ஆயுதம், கவசம் எல்லாம் ஆட்டக்காரர்கள் செய்தவை. ஆபத்தான பகுதியில் செத்தால் உடம்பில் இருந்தது போச்சு. கொஞ்சம் அங்கேயே அழிந்துவிடும், மிச்சத்தைக் கொன்றவர் உருவிக்கொள்வார். அடுத்தது கேர்லியான் நகரத்தில் இருக்கிற பிளாக் மார்க்கெட். நீங்கள் செய்த பொருளை அது வாங்கிக்கொள்கிறது, பிறகு அந்தப் பொருள்தான் எங்கோ ஒரு குகையில் மிருகத்தை அடித்தவருக்குப் புதையலாக விழுகிறது. அதாவது பழகுவதற்காகச் செய்த சுமாரான வில்லும் யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்து, தோற்று, அழிகிறது. குறுவாள் குவியல் இல்லை. எரிந்து தீர்கிற சரக்கை வைத்தே பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இந்தப் பொருளாதாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. போன வருஷத்து வெடி மிச்சம் இருந்தால் இந்த வருஷம் ஆர்டர் குறையும், அவ்வளவுதான்.

ஆகவே ஆல்பியனில் பட்டறைக்காரருக்கான நல்ல உத்தி எது என்றால், செய்தது போய்ச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பதுதான். பொருளைச் செய்து, உடனே 'ஸ்டடி' பட்டனை அழுத்தி அதை அழித்துக் கூடுதல் ஃபேம் வாங்குகிற வழி ஒன்று உண்டு. வேகமான வழி. கையில் வெள்ளி நிறைய இருப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அது அல்டிமாவின் குறுவாள் குவியலேதான், குவியல் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். விற்கிற பொருளையே செய்து ஏறுகிறவர் மெதுவாக ஏறுவார், ஆனால் ஏறி முடிக்கும்போது எந்த நகரத்தில் எது எந்த நாள் விலை போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவுக்கு டெஸ்டினி போர்டில் கட்டம் கிடையாது.

லேர்னிங் பாயிண்ட் விஷயமும் இப்படித்தான். பிரீமியம் வைத்திருப்பவருக்குத் தினமும் இது சேரும். ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை உழைத்துச் சேர்த்துவிட்டால் மிச்சத்தை இதைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். புதிதாக வருகிற பையன்கள் இதை வாள், கோடரி என்று சண்டைக் கட்டங்களில் கொட்டிவிடுகிறார்கள். சண்டையில் ஃபேம் தானாகக் கொட்டும், அங்கே இது வீண். சுரங்கம், தோல், உருக்கு என்று ஃபேம் சொட்டுச் சொட்டாக வருகிற இடத்துக்கு இதைச் சேர்த்து வைக்க வேண்டும்.

இனி குறை. ஆல்பியனில் உங்களுக்கென்று ஒரு தீவு வாங்கி, வீடு கட்டி, லேபரர் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வேலை செய்யும்போது ஒரு ஜர்னல் நிரம்பும். நிரம்பின புத்தகத்தை லேபரரிடம் கொடுத்தால் போய்விடுவார். 22 மணி நேரம் கழித்து வந்து, காலிப் புத்தகத்தோடு மூலப்பொருளும் கொடுப்பார். அவருக்கு மகிழ்ச்சி என்று ஒரு அளவு உண்டு. வீட்டின் தரம், கட்டில், மேசை, சுவரில் கோப்பை, இவை சரியாக இருந்தால் மகிழ்ச்சி கூடும், மகிழ்ச்சி கூடினால் கொண்டுவருவது கூடும். அவர் எங்கே போனார், என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று விளையாட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. வந்ததை எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் வேலை நடக்கிற விதத்துக்கு விளையாட்டில் மிகப் பக்கத்தில் வருவது இந்த லேபரர்தான். ஆலையில் குழாய் உருட்டுகிறவருக்கும், திரி வைக்கிறவருக்கும், பெட்டி ஒட்டுகிறவருக்கும் எண்ணிக்கைக் கூலி. இத்தனைக்கு இவ்வளவு. ஐந்து வருஷம் உருட்டின கைக்கும் ஐந்து நாள் உருட்டின கைக்கும் ஒரே ரேட்டு, வேகமான கைக்கு எண்ணிக்கை கூடும். அந்த வேகம்தான் லெவல். ஆனால் அது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. மருந்து வேலையை மேற்பார்வை பார்க்கிற போர்மேனுக்குச் சான்றிதழ் இருக்கிறது. உருட்டுகிற கைக்கு என்ன இருக்கிறது? அவர் வேறு ஆலைக்குப் போனால் முதல் நாள் உட்கார்ந்து உருட்டிக் காட்டித்தான் தெரிய வேண்டும். இத்தனைக்கும் இந்தத் தொழிலே ஒரு லெவல் ஏற்றின கதையில்தான் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்ததை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். கற்றது யார் என்று பேர் சொல்ல முடிகிற இடம் அதோடு நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

என் மதினி பதினாலு வருஷம் சரம் பின்னினவர். சரவெடியில் சின்ன வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துப் பின்னுகிற வேலை. பேசிக்கொண்டே பின்னுவார், கண் கையைப் பார்க்காது. ஒரு நாள் நான் டெஸ்டினி போர்டைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, கோலம் மாதிரி இருக்கு?" என்றார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வேலை, கற்றது அத்தனையும் இதில் நிற்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஏத்துனதை யாரும் எடுத்துக்கிட முடியாதா?" என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ள முடியும். அதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். 2003-ல் வந்த விளையாட்டு, கைவினைக்கும் வியாபாரத்துக்கும் அவ்வளவு இடம் கொடுத்த சாண்ட்பாக்ஸ் அப்போது வேறில்லை. 2005 நவம்பரில் ஒரு அப்டேட் வந்தது. முப்பதுக்கு மேல் இருந்த தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். மிருகம் வளர்த்துப் பழக்குகிற தொழிலில் மாசக்கணக்கில் ஏறி நின்றவருக்கு மறுநாள் அந்தத் தொழிலே இல்லை. ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் விளையாட்டையே மூடினார்கள்.

ஈவ் இதே மாதிரி ஒரு இடத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதில் 'லேர்னிங்' என்று ஒரு திறன் குடும்பம் இருந்தது. அதைக் கற்றால் மற்றதை வேகமாகக் கற்கலாம். அதனால் புதியவர்கள் முதல் சில வாரம் வேறு எதுவும் செய்யாமல் இதையே வரிசையில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மோசமான வடிவமைப்பு. 2010 டிசம்பரில் அந்தக் குடும்பத்தையே எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது, அதில் யார் எத்தனை புள்ளி போட்டிருந்தாரோ அத்தனையையும் திருப்பிக் கொடுத்து, வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. புகை, சத்தம், குப்பை என்று தீர்ப்பு சொன்ன காரணங்களை நான் மறுக்கவில்லை. டெல்லியில் மூச்சு விடுகிறவருக்கும் நியாயம் உண்டு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்தன, பிறகு திறந்தன, பசுமைப் பட்டாசு என்று ஒன்று வந்தது. முதலாளி ஃபார்முலாவை மாற்றிக்கொண்டார். சரம் பின்னுகிற கைக்கு மாற்று ஃபார்முலா இல்லை. மதினி இப்போது பெட்டி ஒட்டுகிறார், எண்ணிக்கைக் கூலிக்கு, ஐந்து நாள் முன்னால் சேர்ந்த பிள்ளைகளோடு ஒரே ரேட்டில்.

இதை ஆல்பியன் மேல் குற்றமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஆட்டக்காரரின் ஒவ்வொரு அடியையும் எண்ணி எழுதி வைக்கிற ஒரு விளையாட்டு, அவருக்காக உழைக்கிறவரை மட்டும் கட்டில் எண்ணிக்கையில் அளக்கிறது. கட்டில் போட்டால் மகிழ்ச்சி ஏறும் என்பது எந்த முதலாளியும் விரும்பக்கூடிய கற்பனை. அந்த லேபரரின் ஜர்னலில் அவர் செய்ததையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் ஓய்வில் இருக்கும்போது இங்கே நிறையப் பேர் புதிதாகத் தொடங்குவார்கள். அவர்களுக்கு என் சிபாரிசு: நாலாம் டயர் வரை எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள், பிறகு ஒன்றைப் பிடியுங்கள். உருக்குவதில் இறங்குவதானால் தாதுவை தெட்ஃபோர்டிலும், தோலை மார்ட்லாக்கிலும், பஞ்சை லிம்ஹர்ஸ்டிலும் செய்யுங்கள். அந்தந்த நகரத்தில் போட்ட சரக்கில் ஒரு பங்கு கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும். நாலாம் டயர் உலோகம் ஒன்றுக்கு இரண்டு தாதுவோடு மூன்றாம் டயர் உலோகம் ஒன்றும் வேண்டும், அதனால் கீழ் டயரைக் கைவிடாதீர்கள். பிரீமியம் இருந்தால் தினமும் 10,000 ஃபோகஸ் ஊறும், 30,000-ல் நின்றுவிடும். மூணு நாளுக்கு ஒரு தடவையாவது உள்ளே வந்து செலவழித்துவிடுங்கள். ஆலை திறந்துவிட்டால் அந்த அரைமணி நேரமும் கிடைக்காது.