எட்டுப் பெட்டி பீர்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஆவலோடு வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த பீரில் ஒரு சொட்டு நுரைகூட வராது. எல்லாம் பிளாஸ்டிக் வில்லைகளும் காகிதத் துண்டுகளும்தான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1960 வாக்கில் உருவாக்கிய ‘பீர் கேம்’ பற்றிச் சொல்கிறேன். சரக்குச் சங்கிலியில் முடிவெடுப்பது எப்படி என்று மேனேஜர்களுக்குக் கற்றுத்தர இன்றும் பல நாடுகளில் ஆடப்படும் விளையாட்டு. நீள மேஜையில் நான்கு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. வாராவாரம் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றே ஒன்று. மேலே இருப்பவரிடம் எத்தனை பெட்டி கேட்பது? சரக்கு தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் தண்டம். கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் ஒரு டாலர். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. ஆர்டர் போய்ச் சேர்ந்து சரக்கு வர நாலு வாரமாவது ஆகும்.

ஒரு பயிற்சி வகுப்பில் நான் மொத்த வியாபாரி. ஆரம்பத்தில் ரொம்ப சாதுவாகத்தான் ஆடினேன். கடைக்காரர் திடீரென்று கூடுதலாகக் கேட்க, கையிருப்பு கரைந்தது. எட்டு கேட்டேன், வரவில்லை. பன்னிரண்டு, இருபது, அப்புறம் ஆத்திரத்தில் முப்பது. பிறகு கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது பாருங்கள், வில்லை வைக்க மேஜையில் இடமில்லை. அதன்பின் வாரக்கணக்கில் பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தேன். கோடியில் இருந்த தொழிற்சாலைக்காரர் என்னை முறைத்தார்.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரையச் சொன்னார்கள். மலையும் மடுவுமாக வரைந்தோம். சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். முதல் நாலு வாரம் நாலு பெட்டி. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசிவரை எட்டு. அவ்வளவுதான்! புயலைக் கிளப்பியது நாங்களே.

அந்த ஒரு நிமிஷத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். இதை ஆராய்ந்த ஜான் ஸ்டெர்மன் 1989-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. நிதானமாக ஆடினால் ஓர் அணிக்குச் சுமார் 204 டாலர் செலவு. நிஜத்தில் ஆன சராசரி 2,028. காரணம்? ஏற்கெனவே கேட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மறந்துவிடுகிறோம். வாடிக்கையாளரின் தேவை எந்த அளவில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடவைத்தால்கூடக் குட்டை குழம்பத்தான் செய்கிறது என்று 2006-ல் வேறு இருவர் காட்டினார்கள்.

இதுவரை சபாஷ். என் குறை இனிமேல்தான்.

வகுப்பைவிட்டு வெளியே வருகிற மேனேஜர் என்ன நினைத்துக்கொள்கிறார்? ‘பதறக்கூடாது, பேசிக்கொள்ள வேண்டும்.’ நல்லதுதான். ஆனால் பி அண்ட் ஜி கம்பெனியின் பாம்பர்ஸ் கதையைப் பாருங்கள். குழந்தைகள் மாதக் கடைசியில் மட்டும் அதிகமாக நனைப்பதில்லை. இருந்தும் டயப்பர் ஆர்டர்கள் எகிறிக் குதித்தன. இந்த மாதிரி ஆட்டத்தை 1997-ல் அலசிய லீ, பத்மநாபன், வாங் மூவரும், இதற்கு யாரும் முட்டாளாக இருக்கத் தேவையில்லை என்றார்கள். தள்ளுபடி அறிவித்தால் ஆறு வாரச் சரக்கை இன்றே வாங்கிப் போடுகிறவர் புத்திசாலி. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் இரண்டு மடங்கு கேட்பவரும் புத்திசாலிதான். லாரி நிறையட்டும் என்று காத்திருந்து மொத்தமாக ஆர்டர் போடுகிறவரை எந்த முதலாளி திட்டுவார்?

பீர் கேமில் இதெல்லாம் கிடையாது. விலை மாறாது. தொழிற்சாலைக்கு உற்பத்தி வரம்பே இல்லை. ஒரு பெட்டி வேண்டுமென்றாலும் கேட்கலாம். மாதக் கடைசியில் போன் போட்டு ‘டார்கெட் என்ன ஆச்சு?’ என்று கேட்க ஆளில்லை. மனிதனின் பதற்றத்தை அழகாகப் படம்பிடிக்கிற விளையாட்டு, அந்தப் பதற்றத்துக்குச் சம்பளம் கொடுக்கிற விதிகளை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுகிறது. திங்கட்கிழமை அவர் ஆபீசுக்குத் திரும்பும்போது அந்த விதிகள்தான் வாசலில் நிற்கும். பேசிக்கொண்டால் சரியாகிவிடும் என்று வகுப்பில் கற்றவர், அதே ஆபீசில் போனஸுக்காகச் சரக்கை விநியோகஸ்தர் தலையில் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது சுற்று ஒன்று வேண்டும். அதே மேஜை, அதே வில்லைகள். தொழிற்சாலைக்கு ஓர் உற்பத்தி வரம்பு, நடுவில் ஒரு தள்ளுபடி, நாலு வாரத்துக்கு ஒருமுறை டார்கெட். ஆடிப் பார்த்துவிட்டு, எந்த விதியை யார் மாற்றலாம் என்று சண்டை போடட்டும்.

பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ‘அந்த விதியெல்லாம் போடுகிறவர்கள் இந்த வகுப்புக்கு வருவதில்லை சார்’ என்றார்.